தறி காலியாகாத வீடு

ஆரணிக்கு ரயில் வந்தது என்று சொன்னால் அது பாதிப் பொய். ரயில் களம்பூரில் வந்து நின்றது. நின்ற இடத்துக்கு ஆரணி ரோடு என்று பெயர் எழுதிப் பலகை நட்டார்கள். பலகையை நம்பி இறங்கியவன் ஜட்காவோ மாட்டுவண்டியோ பிடித்து, புழுதியில் குலுங்கிக் குலுங்கி ஊர் வந்து சேர வேண்டும். "ரயிலுக்கே நம்ம ஊர் மேல நம்பிக்கை கெடையாது. அதான் தூரமா நின்னுகினு எட்டிப் பாக்குது" என்று இருதயசாமி சொல்வான். எதற்குள்ளும் ஒரு சூது இருக்கும் என்பதுதான் அவனுடைய முதல் மதம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போவதெல்லாம் அதற்கு அடுத்தபடி.

அவன் பட்டு நெசவாளி. இழையில் முடிச்சு இருக்கிறதா என்று பார்க்க ஒரு கண்ணைச் சுருக்குவது நெசவாளிகளுக்கெல்லாம் உள்ள பழக்கம். இவன் மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பான். கடைக்காரன் கொசுறு போட்டால் அரிசியில் கல் கலந்திருக்கிறான் என்பான். கொசுறு போடாவிட்டால் படியில் கள்ளம் என்பான். பக்கத்து வீட்டுக்காரன் சிரித்தால் கடன் கேட்கப் போகிறான், சிரிக்காவிட்டால் ஏற்கெனவே எதையோ திருடிவிட்டான். இப்படிப்பட்ட மனிதனோடு சூசைமேரி எப்படிக் குடித்தனம் செய்தாள் என்று கேட்காதீர்கள். அவள் அவன் சொல்வதில் பாதியைக் காதில் வாங்கவில்லை, மீதிக்குச் சிரித்தாள்.

ஆனால் அவனை மட்டும் குற்றம் சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. நெசவாளிக்கு வீடு விடுகிறவர்களிடம் அந்தக் காலத்தில் ஒரு வித்தை இருந்தது. தறியில் பாவு ஏற்றிவிட்டால் நெசவாளி வீட்டை விட்டு அசைய முடியாது. ஆயிரக்கணக்கான பட்டு இழைகள் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு விறைத்து நிற்கும். அதை அவிழ்த்துத் தூக்கிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போனால் இழைகள் சிக்கிப் பட்டு பாழாகும். அந்தப் பாவில் வரவேண்டிய சேலைகளை நெய்து, அறுத்து எடுக்கும் வரைக்கும் அவனும் தறியோடு கட்டிப்போட்டவன்தான். ஆகவே பாவு ஏறியதும் வீட்டுக்காரர் வருவார். மழையைப் பற்றி, மாட்டைப் பற்றிப் பேசிவிட்டு, "வாடகையைக் கொஞ்சம் ஏத்தணும்பா" என்பார். என்ன செய்ய முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு கொடுக்க வேண்டியதுதான்.

இருதயசாமியின் வீட்டுக்காரர் மணவாளன் இதில் கைதேர்ந்தவர். அவர்தான் முதலாளியும். அவர் வீட்டில் குடியிருந்து, அவர் கொடுக்கும் பட்டை அவர் தறியில் கூலிக்கு நெய்தான் இருதயசாமி. கூலி ஏறாது, வாடகை மட்டும் ஏறும். ஒரு தடவை பாவு இழுத்துக் கட்டிய ஆட்கள் கைகழுவிக்கொண்டு இருக்கும்போதே மணவாளன் வெற்றிலையை மென்றுகொண்டு வந்து நின்றார். அன்றைக்குச் சூசைமேரிக்கு வந்த கோபம், அதுவரை ஊரில் யாருக்கும் வந்ததில்லை.

"இந்த ஆளு மூஞ்சியில இனிமே முழிக்கக் கூடாது" என்றாள். "என் கம்மலை விக்கறேன். சொந்தமாப் பட்டு வாங்கு, சொந்தமாத் தறி போடு. நெய்யறதை நான் வேலூருக்குக் கொண்டுபோயி வித்துட்டு வரேன். ரயில்தான் வந்துகீதே!"

முன்பெல்லாம் வேலூருக்கு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கண்ணமங்கலம் வழியாகப் போக வேண்டும். ராத்திரி எங்காவது படுக்க வேண்டும், சேலை மூட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டு விழித்துக் கிடக்க வேண்டும். பெண்பிள்ளை தனியாகப் போகிற காரியம் இல்லை. ரயில் வந்தபின் விடியலில் புறப்பட்டால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம். ஒன்றே ஒன்றுதான் வேண்டும். ஸ்டேஷனுக்குப் போகும் ஜட்கா புறப்படுகிற வண்டிப்பேட்டைக்குப் பக்கத்தில் வீடு இருக்க வேண்டும். ஜட்கா நேரம் பார்த்துப் புறப்படாது, ஆள் நிறைந்தால் புறப்படும். ஊரின் மறுகோடியிலிருந்து மூட்டையைச் சுமந்து ஓடி வருகிறவளுக்காக எந்தக் குதிரையும் காத்திருக்காது.

வீடு தேடப் போனபோதுதான் ரயிலின் மகிமை அவர்களுக்குப் புரிந்தது. பேட்டையைச் சுற்றி இருந்த வீடுகளுக்கெல்லாம் திடீரென்று கொம்பு முளைத்திருந்தது. நேற்றுவரை மாடு கட்டிய கொட்டகைக்கு இன்று மணவாளன் வீட்டைவிட இரண்டு பங்கு வாடகை. ஒருவர் வாடகை குறைவாகச் சொன்னார், ஆனால் தீபாவளிக்குத் தீபாவளி ஏற்றுவேன் என்றார். இன்னொருவர் வீட்டில் தறிக்குழி இல்லை. தோண்டிக்கொள்கிறோம் என்றதற்கு, தரையைத் தோண்டினால் லட்சுமி வெளியே போய்விடுவாள் என்றார். "ரெட்டை வாடகை குடுத்தா லட்சுமி போவ மாட்டாளாங்க?" என்று சூசைமேரி கேட்டதும் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்றாம் இடத்தில் எல்லாம் பேசி முடித்தபின் பெயரைக் கேட்டார்கள். இருதயசாமி என்றதும், "வேதக்காரரா? வீட்டுல பெரியவங்களைக் கேட்டுகினு சொல்றோம்" என்றார்கள். அந்த வீட்டுப் பெரியவர் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தார்.

அலைந்து அலுத்துப்போன சமயத்தில் கெங்கம்மாள் வீடு கிடைத்தது. கெங்கம்மாள் புருஷனை இழந்தவள், பிள்ளைகள் இல்லாதவள், ஐம்பதைத் தாண்டியவள். பின்கட்டில் தான் இருந்துகொண்டு, பட்டு நூல் சுற்றிக் கொடுத்துக் கொஞ்சம் சம்பாதித்தாள். முன்கட்டு காலியாக இருந்தது. அதில் ஏற்கெனவே வெட்டிய தறிக்குழி இருந்தது. வாசலில் நின்றால் வண்டிப்பேட்டைக் குதிரை கனைப்பது கேட்கும்.

"நாங்க வேதக்காரங்க" என்று இருதயசாமி முந்திக்கொண்டு சொன்னான்.

"நூலு சிக்காம நெய்யத் தெரியும் இல்ல? அது போதும்" என்றாள் கெங்கம்மாள்.

"வாடகை எவ்ளோங்க?"

"ஒண்ணேகால் ரூபா."

மணவாளன் வீட்டைவிடக் குறைவு. பேட்டைப் பக்கத்து வாடகையில் பாதிகூட இல்லை. இருதயசாமியின் ஒரு கண் தானாகச் சுருங்கியது.

"எப்ப ஏத்துவீங்க?"

"ஏத்தணும்னா சொல்லிட்டுத்தான் ஏத்துவேன்."

"எப்ப சொல்லுவீங்க?"

"சொல்ல வேண்டிய நேரத்துல சொல்றேம்பா. இன்னா நீ, போலீஸ்காரன் மாதிரி கேக்கறே?"

அந்த 'சொல்ல வேண்டிய நேரம்' அவன் காதுக்குள் புகுந்த எறும்பாகிவிட்டது. சுவரைத் தட்டிப் பார்த்தான். கிணற்றுத் தண்ணீரை முகர்ந்து பார்த்தான். கூரை மேல் ஏறி ஓடுகளை எண்ணாத குறையாகச் சோதித்தான். இந்த வீட்டில் யாராவது தூக்கு மாட்டிக்கொண்டார்களா என்று எதிர்வீட்டில் விசாரித்தான். ஒரு குறையும் இல்லை. குறை இருந்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இல்லாததால் பயம் இன்னும் கூடியது.

"ஏதோ கீது மேரி. இல்லாம இவ்ளோ கம்மியாக் குடுப்பாங்களா?"

"நல்ல வீடுன்னு ஒண்ணு ஒலகத்துல இருக்கக் கூடாதா? பேசாம சட்டி பானையைத் தூக்கிகினு வாங்க."

குடிவந்தார்கள். கம்மல் பட்டாயிற்று, பட்டு பாவாயிற்று. முதல் சேலைகளை விற்க இருதயசாமியே வேலூர் போனான். ஜவுளிக்கடைக்காரர் மரியாதைக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தார். சேலையைப் பார்ப்பதற்கு முன்பே மோர் கொடுக்கிறான் என்றால் கழுத்தை அறுக்கப் போகிறான் என்று முடிவு கட்டி, மூட்டையை அவிழ்க்காமலே அடுத்த ரயிலில் திரும்பிவிட்டான். அதற்கப்புறம் சூசைமேரிதான் போனாள். மோரைக் குடித்தாள், இன்னொரு சொம்பும் கேட்டாள், சேலைகளை நல்ல விலைக்கு விற்றாள். விடியலில் ஜட்காக்காரன் "டேசன்! டேசன்!" என்று கத்தும்போது வீட்டில் இருப்பாள், அவன் இரண்டாம் தடவை கத்துவதற்குள் வண்டியில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். கூலித்தறி என்ற பேச்சே மறந்தது. இந்த வீடு இருக்கும் வரைக்கும் அவர்கள் யாருக்கும் அடிமை இல்லை. வீடு போனால் வேலூர் போகும், வேலூர் போனால் மறுபடி மணவாளன் காலடிதான். இது இருதயசாமிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததனால்தான் அவனுக்கு அந்த வீட்டில் ஒருநாளும் நிம்மதியாகத் தூக்கம் வரவில்லை.

இரண்டாவது பாவு முடியும் தறுவாயில் கெங்கம்மாள் முன்கட்டுக்கு வந்தாள். தறியைச் சுற்றிப் பார்த்தாள். பின்னால் மிச்சமிருந்த இழையின் நீளத்தைக் கண்ணால் அளந்தாள்.

"இருதயசாமி, பாவு எப்ப முடியும்?"

குறுக்கிழை ஓட்டும் நாடா அவன் கையிலிருந்து நழுவியது. மணவாளன் ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை. அவர் பாவு ஏறட்டும் என்று காத்திருந்தவர். பாவு முடியட்டும் என்று ஒருத்தி காத்திருக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? தறி காலியாக இருக்கும் அந்த நாலைந்து நாளில்தானே குடியிருப்பவனைக் கையைப் பிடித்து வெளியே விட முடியும்! பேட்டையில் வாடகை எகிறிக் கிடக்கிறது. இவனைக் கிளப்பிவிட்டு இரண்டு பங்கு தருகிறவனுக்கு விடப் போகிறாள். சொல்ல வேண்டிய நேரம் என்று அன்றைக்குச் சொன்னது இதைத்தான்.

"இன்னும் நாளாகும்மா" என்று சொல்லி வைத்தான்.

அவள் போனதும் மனைவியைக் கூப்பிட்டு, வழி கண்டுபிடித்துவிட்டேன் என்றான். சாதாரணமாகச் சேலையை அறுத்து இறக்கியபின் தறி நாலைந்து நாள் சும்மா கிடக்கும். அப்புறம்தான் புதுப் பாவு கொண்டுவந்து, பழைய பாவின் நுனி இழைகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்பார்கள். இருதயசாமி அந்த இடைவெளியையே இல்லாமல் செய்தான். கடைசிச் சேலை தறியில் இருக்கும்போதே புதுப் பாவைத் தயாராக வைத்துக்கொண்டு, வால் இழைகளோடு பிணைத்துவிட்டுத்தான் சேலையை அறுத்தான். ஒரு பொழுதுகூடத் தறி காலியாக இல்லை. இதற்காகப் பட்டை முன்கூட்டியே வாங்க வேண்டியிருந்தது, கண் எரிய எரிய இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்ய வேண்டியிருந்தது. ஆனாலும் செய்தான்.

"ஒருதரம் அவங்ககிட்டயே கேட்டுடலாமே, எதுக்குக் கேக்கறீங்கன்னு" என்றாள் சூசைமேரி.

"கேட்டா? நல்லவேளை ஞாபகப்படுத்தினேன்னு சொல்லி அன்னிக்கே கெளப்பிடுவா."

ஒவ்வொரு பாவு முடியும் சமயத்திலும் கெங்கம்மாள் வந்தாள், அதே கேள்வியைக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அவன் மழுப்பினான். அவள் மறுபடி வந்து பார்க்கும்போது தறியில் புதுப் பாவு விறைத்து நிற்கும். ஒரு கணம் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பின்கட்டுக்குப் போய்விடுவாள். 'எப்படி ஏமாத்தினேன் பார்' என்று இவனுக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். இப்படியே ஆறு வருஷம் ஓடியது. வாடகை அதே ஒண்ணேகால் ரூபாய். ஊரே அதிசயப்பட்டது. பேட்டைப் பக்கம் வாடகை ஏறாத வீடு அது ஒன்றுதான்.

அப்புறம் மழை பொய்த்தது. அரிசி விலை ஆகாயத்துக்குப் போனது. ஒரு ரூபாய்க்கு வாங்கிய படிகள் மாசத்துக்கு மாசம் குறைந்தன. பட்டுச் சேலைக்கு மட்டும் வேலூரில் கிராக்கி குறையவில்லை. யார் பட்டினி கிடந்தால் என்ன, கல்யாணங்கள் நின்றுவிடுமா? ஆகவே இருதயசாமி வீட்டில் அடுப்பு மூன்று வேளையும் எரிந்தது.

பின்கட்டில் மட்டும் புகை ஒரு வேளைதான் வந்தது. இருதயசாமி இதைக் கவனித்தான். அவன் கவனிக்காதது எது? "எங்கியோ வெளியில போயி சாப்புடறா. யாரோ சோறு போட்டு மனசைக் கலைக்கறாங்க" என்றான். ஒருநாள் கெங்கம்மாள் சேலைத் தலைப்பில் எதையோ சுற்றி மறைத்துக்கொண்டு போனாள். துணி விலகியபோது பித்தளை அண்டா ஒன்று தெரிந்தது. திரும்பி வரும்போது கை வெறுமையாக இருந்தது. "பாத்தியா! சாமான்களை ஒவ்வொண்ணா வேற எடத்துக்குக் கடத்தறா. வீட்டை விக்கறதுக்கு ஏற்பாடு நடந்துகினு கீது." பாவு எப்ப முடியும் என்று கேட்க வருவதையும் அவள் நிறுத்திவிட்டாள். அது அவனுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய சந்தேகமாகிவிட்டது. கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பின்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு பார்த்தவனுக்கு அந்த அம்மாளின் கன்னம் ஒட்டிப்போனது மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று என்று நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

ஒருநாள் சாயங்காலம், வேலூரிலிருந்து திரும்பும் சூசைமேரியை எதிர்கொள்ள அவன் பேட்டைக்குப் போனான். ஜட்கா முதலாளி ராஜவேலு அங்கே குதிரைக்குக் கொள்ளு வைப்பதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். நாலைந்து ஜட்காக்கள் அவருடையவை. ரயிலால் ஊரில் முதலில் தொப்பை போட்டவர் அவர்தான்.

"இன்னா இருதயசாமி, உன் தறி எப்பதாம்பா காலியாவும்?" என்றார்.

இருதயசாமிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்கு எதுக்குங்க அது?"

"அட, விஷயமே தெரியாதா? அந்தம்மா வீட்டை எனக்கு விக்கறாங்க. வர்ற வெள்ளிக்கிழமை பத்திரம். வித்துட்டு தேசூர்ல தம்பி வீட்டோட போறாங்களாம். எனக்குக் குதிரை கட்ட எடம் வேணும். ஆனா ஒரே பேஜார். தறியில இருக்கற பாவு முடியற வரைக்கும் உன்னைக் கெளப்பக் கூடாதுன்னு கண்டிஷன் போட்டுட்டாங்க. அதுக்கு ஒத்துக்கினாத்தான் பத்திரமாம். நீ கொஞ்சம் ஜல்தியா முடிச்சுக் குடுப்பா."

அதற்குள் வண்டி வந்து நின்றது. இறங்கிய மனைவியை மூட்டையோடு இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அவன் முகத்தில் பயத்தைவிட வெற்றிதான் அதிகம் தெரிந்தது.

"நான் சொன்னனா இல்லியா? ஆறு வருசமாச் சொல்றேன், கேட்டியா? வீட்டை வித்துட்டா! ஆனா மாட்டிக்கினா பாரு. பாவு முடியற வரைக்கும் கெளப்பக் கூடாதாம். நம்ம பாவு என்னிக்கு முடிஞ்சுது? பிணைச்சுகினே போவேன். ராஜவேலு குதிரைக்குக் கெழடு தட்டினாலும் இந்தத் தறி காலியாவாது!"

சூசைமேரி மூட்டையை இறக்கவே இல்லை. இடுப்பில் வைத்துக்கொண்டே அவனைப் பார்த்தாள்.

"நம்மளைக் கெளப்பணும்னு நெனைக்கறவங்க, பாவு முடியற வரைக்கும் இருக்கட்டும்னு ஏன் சொல்றாங்க?"

"அதுலயும் ஏதோ கீது" என்றான். சொல்லும்போதே குரல் இறங்கியது.

மூட்டையை அவன் காலடியில் போட்டுவிட்டு அவள் நேராகப் பின்கட்டுக்குப் போனாள். இருதயசாமி என்ன செய்திருப்பான் என்று சொல்லவே வேண்டாம். நடுக்கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றான். மனைவியையே நம்பாதவன் என்று நினைக்க வேண்டாம். கதவு என்று ஒன்று இருந்தால் காதை வைப்பது அவன் பழக்கம், அவ்வளவுதான்.

"அம்மா, வீட்டை விக்கறீங்களாமே? எங்க மேல எதுனா கோவமா?" என்று சூசைமேரி கேட்டாள்.

"உங்க மேல இன்னாம்மா கோவம்? வயிறுன்னு ஒண்ணு கீதே" என்றது கெங்கம்மாளின் குரல். "கண்ணு மங்கிப்போச்சு. நூலு சுத்தற வேலை வர்றதில்ல. நீங்க குடுக்கற ஒண்ணேகால் ரூபாயில அரிசி வாங்கி ஒரு வேளை பொங்கிகினு இருந்தேன். இப்ப விக்கற வெலைக்கு அதுவும் எட்டல. அண்டா குண்டான் எல்லாத்தையும் வித்துத் தின்னாச்சு."

"அப்ப வாடகையை ஏத்திக் கேட்டிருக்கலாமே அம்மா!"

"எப்பிடிக் கேக்கறது? உங்க தறி ஒருநாளாவது காலியா இருந்துதா?"

கதவுக்கு இந்தப் பக்கம் இருதயசாமி மூச்சை அடக்கினான்.

"என் வீட்டுக்காரர் இருந்தாரே, அவரும் எல்லாரையும் மாதிரித்தான். பாவு ஏறினதும் போயி வாடகை கேப்பார். ஒருதரம் இதே முன்கட்டுல ஒரு குடும்பம். கைக்கொழந்தைக்காரி. அவங்க அசைய முடியாத சமயம் பாத்து இவரு ரெண்டு தரம் ஏத்தினார். வாடகைக்காக அவ சாப்பாட்டைக் கொறைச்சா. அவளுக்குப் பால் வத்திப்போச்சு. கொழந்தை தங்கல. கொழந்தையைத் தூக்கிகினு போனப்பகூட தறியில பாவு நின்னுகினுதாம்மா இருந்துது. நானும் வாயை மூடிகினு பாத்துகினு இருந்தேன். அவரு போனப்புறம் அம்மன் கோயில்ல கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்ணினேன். தறியில பாவு நிக்கறப்போ வாடகைப் பேச்சு என் வாயில வராது. தறி காலியா இருக்கறப்ப கேட்டா, முடிஞ்சா குடுப்பாங்க, முடியலன்னா வேற வீடு பாத்துகினு போவாங்க. அதுதான நியாயம்? அதுக்குத்தான் ஒவ்வொரு தரமும் வந்து வந்து கேட்டேன், எப்ப முடியும்னு. உன் வீட்டுக்காரரு பெரிய உழைப்பாளிம்மா. ஒருநாள்கூடத் தறியைச் சும்மா போடல."

சூசைமேரி அழுகிற சத்தம் கேட்டது. "இப்ப நானே ஏத்திக் குடுக்கறேன் அம்மா, வாங்கிக்கங்க. விக்காதீங்க."

"வேணாம்மா. பாவு நிக்குது. அந்தக் காசு எனக்குச் சோறா எறங்காது."

இருதயசாமி கதவை விட்டு நகர்ந்தான். உழைப்பாளி என்று அந்த அம்மாள் சொன்னது அவனை அறைந்தது. வாழ்நாள் முழுக்க யார் என்ன சொன்னாலும் அதற்குள் வேறு ஏதாவது இருக்கும் என்று கிளறிப் பார்த்தவன். இதையும் கிளறினான். உள்ளே ஒன்றும் இல்லை. ஒட்டிப்போன கன்னமும், ஒரு வேளைப் புகையும், வெறுங்கையோடு திரும்பி வந்த உருவமும்தான் இருந்தன. ஒரு கிழவி தன் கண்ணெதிரே பட்டினி கிடந்ததற்குத் தன் கைத்திறமைதான் காரணம் என்று புரிந்தபோது, அந்தக் கைகளைப் பார்க்கவே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

தறியில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கல்யாணச் சேலை பாதி ஏறியிருந்தது. வேலூர்க்காரர் முன்பணம் கொடுத்து, நாள் குறித்துக் கேட்டிருந்த சேலை. பின்னால் புதுப் பாவு நீளமாகக் கிடந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அது முடியாது, எந்தத் தெய்வம் வந்து நெய்தாலும் முடியாது. அவன் தறிக்குழியில் இறங்கினான். பிசிர் வெட்டும் கத்தரியை எடுத்தான். பாதிச் சேலையை அறுப்பதென்றால் நெசவாளிக்குப் பெற்ற பிள்ளையின் மேல் கை ஓங்குவது போல. கண்ணை இறுக மூடிக்கொண்டு முதல் இழைக் கொத்தை வெட்டினான். அப்புறம் கண்ணைத் திறந்துகொண்டே வெட்டினான்.

சத்தம் கேட்டு ஓடிவந்த சூசைமேரி, "அய்யோ, பைத்தியமா புடிச்சுது உங்களுக்கு?" என்று கத்தினாள். இழைகள் இழுப்பு விட்டுச் சுருண்டு தரையில் கிடந்தன. அவன் நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவளுக்கு விளங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, அறுந்த பட்டை வாரி ஒதுக்க ஆரம்பித்தாள்.

கெங்கம்மாள் நடுக்கதவைத் தாண்டி வந்து நின்றாள். மங்கிய கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. கையை நீட்டி, இழை நிற்க வேண்டிய இடத்தைத் தடவினாள். அங்கே காற்றுதான் இருந்தது.

"இன்னாப்பா இது? பாவு எங்க?"

"அறுத்துட்டேம்மா." இருதயசாமி குழியிலிருந்து ஏறி அவள் காலடியில் உட்கார்ந்தான். "நான் உழைப்பாளி இல்லம்மா. நீங்க எங்களைக் கெளப்பத்தான் கேக்கறீங்கன்னு நெனச்சேன். அதுக்கோசரம்தான் ஆறு வருசமா காலியாவாம பிணைச்சுப் பிணைச்சு வச்சேன். எல்லாம் வேணும்னு பண்ணினது."

அந்த அம்மாள் உதடு துடிக்க, "அடப்பாவி, நான் பட்டினி கெடந்தேனேடா" என்றாள். ஆறு வருஷத்தில் அவள் அவனை 'டா' என்றது அன்றுதான். அவள் தறி மரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். மூவரும் அழுதார்கள். யாரும் யாரையும் சமாதானப்படுத்தவில்லை.

கடைசியில் அவளே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு மட்டும் தேசூருக்குப் போவணும்னு ஆசையா? தம்பி பொண்டாட்டி கையில சோறு வாங்கித் தின்னறதுக்கு. பத்திரம் இன்னும் எழுதல. ராஜவேலுக்கு வேற எடமா கெடைக்காது?"

"தறி காலியா கீதும்மா" என்றான் இருதயசாமி. "இப்ப கேளுங்க."

கெங்கம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த பேச்சு போலிருக்கிறது, குரல் கொஞ்சம் கூச்சத்தோடு வந்தது.

"மாசத்துக்கு எட்டணா ஏத்திக் குடுப்பியாப்பா?"

பேட்டைப் பக்கத்தில் அவனவன் இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் என்று ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது. எட்டணா. இந்த எட்டணாவுக்குப் பயந்துதான் அவன் ஆறு வருஷம் தறியைக் காவல் காத்தான். இதைக் கேட்க முடியாமல்தான் அவள் வீட்டையே விற்கப் பார்த்தாள். இருதயசாமி சரி என்று சொல்ல வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை.

கெங்கம்மாள் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவளுக்கு அது சரியாகத் தெரியவில்லை.

"கஷ்டம்னா வேணாம்பா. ஆறணா போதும்."

அவன் தலையை ஆட்டினான், கையை ஆட்டினான். அழுகைதான் வந்தது.

"சரி, நாலணாவே குடு. சேலை வேற வீணாப்பூடுச்சே."

"அய்யோ, ஜல்தியா வாயைத் தொறந்து சரின்னு சொல்லுங்க" என்று சூசைமேரி அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "இன்னும் கொஞ்ச நேரம் விட்டா இவங்க சும்மாவே குடுத்துடுவாங்க!"